குறைவு என்ற ஒரே கதை: நுண்தனிமங்களும் மனநிலைக் கோளாறுகளும்

மனச்சோர்வுக்கும் பைபோலார் நோய்க்கும் காரணம் உடம்பில் ஏதோ ஒரு தாது குறைவதுதான், அதை நிரப்பிவிட்டால் மருந்தே வேண்டாம் என்ற பேச்சு பல வடிவங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு காணொளியில் அந்தத் தாது மெக்னீசியம். இன்னொன்றில் துத்தநாகம், அதாவது ஜிங்க். மூன்றாவதில் லித்தியம். சொல்பவர்கள் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டித்தான் சொல்கிறார்கள். அந்தக் கட்டுரைகளும் பொய்யில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. பொய் ஆதாரத்தை மறுப்பது சுலபம். உண்மையான ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தப்பான ஊருக்குப் போகும்போது, எந்த முக்கில் திரும்பினார் என்று காட்டுவதுதான் சிரமம்.

நான் மருத்துவர் இல்லை. கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுத்து வைப்பவன், அவ்வளவுதான். ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பள்ளம் இருப்பது எனக்குத் தெரிகிறது. பைபோலார் நோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவர் இந்தப் பேச்சை நம்பி மருந்தை நிறுத்தினால், விளைவு மருத்துவமனையில் போய் முடியலாம். மறுபக்கம், "சத்துக் குறைவாவது மனநோயாவது" என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டால், பி12 குறைந்து மந்தமாகிப்போன ஒருவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் எழுதப்படும். ஆக, சத்து வாதத்தை மொத்தமாக நம்பலாமா கூடாதா என்று கேட்டுப் பயனில்லை. எந்தக் கூற்றை, எந்த ஆதாரத்தின் பேரில், எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே குறைவால் வந்த நோய்கள்

நியாயமாக, சத்து வாதத்தின் மிக வலுவான பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். உணவுக் குறைவால் மனம் கலங்கும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். அதற்குப் பெயர்போன உதாரணம் பெலக்ரா.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்த நோய் பரவலாக இருந்தது. தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு வரும், கடைசியில் புத்தி தடுமாறும். மனநலக் காப்பகங்களில் பெலக்ரா நோயாளிகள் ஏராளம். தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1914இல் அரசு அனுப்பிய ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: காப்பகத்தில் இருப்பவர்களுக்கு வருகிறது, அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு வருவதில்லை. தொற்று என்றால் இப்படி ஆள் பார்த்தா வரும்? அனாதை இல்லங்களிலும் ஜார்ஜியா மாநிலக் காப்பகத்திலும் பால், இறைச்சி, பருப்பு வகைகளைச் சேர்த்து உணவை மாற்றினார். நோய் மறைந்தது. பிறகு மிசிசிப்பியில் ஒரு சிறைப் பண்ணையில், ஆரோக்கியமாக இருந்த கைதிகளுக்கு மக்காச்சோளம் மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வந்தது. (இன்று அப்படி ஓர் ஆய்வுக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள்.) 1937இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஜெம் குறைந்துபோன பொருள் நிகோடினிக் அமிலம், அதாவது நியாசின், என்று கண்டறிந்தார்.

நம் நாட்டிலும் இதற்குத் தொடர்ச்சி உண்டு. தக்காணத்தில் சோளத்தையே முக்கிய உணவாகச் சாப்பிட்ட ஏழை மக்களிடம் பெலக்ரா இருந்தது. ஐதராபாத்தில் சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் அதை ஆராய்ந்து, சோளத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுதியாக இருப்பதுதான் காரணமாக இருக்கும் என்று 1960இல் எழுதினார்கள். அந்த விளக்கம் பின்னாளில் விவாதத்துக்கு உள்ளானது வேறு கதை. அயோடினுக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு. 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் போன இடத்தில் கழுத்துக்கழலை குறைந்தது. கர்ப்பிணிக்கு அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும் என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி.

இந்த உதாரணங்களை நான் எடுத்து வைப்பதற்குக் காரணம், இவை நமக்கு ஓர் அளவுகோலைத் தருகின்றன. "இந்த நோய் இந்தச் சத்துக் குறைவால் வருகிறது" என்று சொல்ல மூன்று கண்ணிகள் வேண்டும். நோயாளிகளிடம் குறைவு இருக்க வேண்டும். குறைவு முதலில் வந்து நோய் பிறகு வந்திருக்க வேண்டும். நிரப்பினால் நோய் போக வேண்டும், நிரப்பாத குழுவில் போகாமல் இருக்க வேண்டும். பெலக்ராவில் மூன்றும் இருக்கின்றன. இப்போது நம் காணொளிகளின் தாதுக்களை இதே தராசில் வைத்துப் பார்ப்போம்.

ஜிங்க் குறைகிறது, சரி. ஏன் குறைகிறது?

2013இல் பயலாஜிக்கல் சைக்கியாட்ரி இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 17 ஆய்வுகள், மனச்சோர்வு உள்ளவர்கள் 1643 பேர், இல்லாதவர்கள் 804 பேர். மனச்சோர்வு உள்ளவர்களின் ரத்தத்தில் ஜிங்க் சராசரியாக லிட்டருக்குச் சுமார் 1.85 மைக்ரோமோல் குறைவு. இது உறுதியான கண்டுபிடிப்பு, இதில் எனக்குச் சண்டை இல்லை. முதல் கண்ணி இருக்கிறது.

இரண்டாவது கண்ணியில்தான் நூல் அறுகிறது. மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்றே பசியின்மை. மூன்று மாதமாக ஒழுங்காகச் சாப்பிடாதவரின் ரத்தத்தில் எது குறையாமல் இருக்கும்? கோழி முதலா முட்டை முதலா என்ற பழைய கேள்விதான் இது. ஆனால் இன்னொரு சிக்கலும் உண்டு, அதை யாரும் காணொளியில் சொல்வதில்லை.

பெரியவர் ஒருவரின் உடம்பில் இரண்டு மூன்று கிராம் ஜிங்க் இருக்கிறது. அதில் ரத்தத்தின் பிளாஸ்மாவில் ஓடுவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. பரிசோதனைக்கூடம் அளப்பது அந்தச் சிறு பங்கைத்தான். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், அது காய்ச்சலோ நாள்பட்ட புண்ணோ எதுவானாலும், கல்லீரல் அந்த ஜிங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். மொத்த இருப்பு குறையாமலேயே ரத்தத்தில் அளவு குறைந்துவிடும். வங்கியில் பணம் அப்படியே இருக்க, சட்டைப்பை மட்டும் காலியாவது மாதிரி. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு லேசான அழற்சி இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. ஆக, ஜிங்க் குறைவு நோயின் காரணமாக இல்லாமல் அழற்சியின் நிழலாகவும் இருக்கலாம்.

செம்பு விஷயத்தில் இது இன்னும் தெளிவு. அமெரிக்காவில் கார்ல் ஃபைஃபர் என்ற மருந்தியல் அறிஞர் 1970களில் பிரின்ஸ்டனில் ஒரு மையம் வைத்து, ஜிங்க் குறைவும் செம்பு மிகுதியும் மனநோய்களுக்குப் பின்னால் இருப்பதாகச் சொன்னார். இன்றும் "காப்பர்–ஜிங்க் விகிதம்" என்று பேசுபவர்கள் அவருடைய வழியில் வருபவர்கள்தான். ரத்தத்தில் செம்பைச் சுமப்பது செருலோபிளாஸ்மின் என்ற புரதம். அழற்சி வந்தால் அது ஏறும். கர்ப்பத்தில் ஏறும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் ஏறும். அதாவது அழற்சி ஒன்றே போதும்: ஜிங்க் இறங்கும், செம்பு ஏறும், விகிதம் தலைகீழாகும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்ணிடம் "உங்களுக்குச் செம்பு மிகுதி, அதான் மனம் சரியில்லை" என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். எண் சரியாகவே இருக்கும். அதற்குச் சொன்ன அர்த்தம்தான் பிழை.

முடியை வெட்டி அனுப்பினால் தாதுக்களை அளந்து சொல்கிறோம் என்ற வியாபாரமும் இருக்கிறது. 2001இல் ஜாமா இதழில் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஆரோக்கியமான நபரின் முடியைப் பிரித்து ஆறு வணிகப் பரிசோதனைக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். பல தாதுக்களில் ஒரு கூடத்துக்கும் இன்னொன்றுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். உணவு ஆலோசனையும் ஒன்றுக்கொன்று முரண். இதை வைத்து ஒருவரின் மனநிலைக்கு மாத்திரை தேர்ந்தெடுப்பதற்குக் கிளி ஜோசியமே மேல். அதில் செலவாவது குறைவு.

கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகிறது?

மூன்றாவது கண்ணி இது: நிரப்பினால் நோய் போகிறதா?

ஜிங்க் பற்றி நம்பிக்கையூட்டும் சிறிய ஆய்வுகள் உண்டு. 2009இல் போலந்தில் 60 நோயாளிகளுக்கு மனச்சோர்வு மருந்துடன் 12 வாரம் 25 மில்லிகிராம் ஜிங்க் சேர்த்துக் கொடுத்தார்கள். முன்பு மருந்துக்கு மசியாதவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. இங்கே இரண்டு சொற்களைக் கவனியுங்கள்: "மருந்துடன்", "சேர்த்து". மருந்துக்குப் பதிலாகக் கொடுத்த ஆய்வு இல்லை இது. ஆனால் காணொளிக்குப் போகும் வழியில் அந்த இரண்டு சொற்களும் எப்படியோ உதிர்ந்துவிடுகின்றன.

பெரிய ஆய்வுகள் வந்ததும் படம் மாறுகிறது. 2019இல் ஜாமாவில் வெளியான மூட்ஃபுட் ஆய்வு, ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகளில் 1025 பேரிடம் நடந்தது. உடல் எடை கூடுதலாக, லேசான மனச்சோர்வு அறிகுறிகளோடு இருந்தவர்கள். ஒமேகா-3, செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம் கலந்த மாத்திரை ஒரு வருடம். இன்னொரு பகுதியினருக்குப் போலி மாத்திரை. முடிவில் எல்லாரிலும் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு முழு மனச்சோர்வு நோய் வந்தது. சத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எந்த அனுகூலமும் இல்லை.

வைட்டல் என்ற அமெரிக்க ஆய்வு இன்னும் பெரியது. 50 வயது தாண்டிய 18,353 பேர், ஐந்து வருடத்துக்கு மேல். வைட்டமின் டி மனச்சோர்வைத் தடுக்கவில்லை என்று 2020இல் முடிவு வந்தது. அடுத்த ஆண்டு ஒமேகா-3 முடிவு வந்தது. அதிலும் பயனில்லை என்பதோடு, சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வு ஒரு பொடி கூடுதலாகவே இருந்தது.

"அவர்களுக்குக் குறைவே இல்லையே, பிறகு நிரப்பி என்ன பயன்?" என்று சத்து வாதிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவர்கள் குறைபாடு உள்ளவர்கள் என்று பார்த்து எடுக்கப்படவில்லை. உண்மையான குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்தால் வேறு முடிவு வரலாம், அந்தக் கதவை நான் சாத்தவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர் அதன் மறுபாதியையும் ஏற்க வேண்டும்: குறைபாடு இருக்கிறதா என்று அளக்காமல் எல்லாருக்கும் மாத்திரை விற்பது அவர் சொல்லும் வாதத்தின்படியே தப்பு.

மாத்திரையை விட்டு உணவுக்கு வந்தால் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. 2017இல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவின் ஸ்மைல்ஸ் ஆய்வு வெளிவந்தது. மனச்சோர்வு உள்ள 67 பேர். ஒரு குழுவுக்கு 12 வாரத்தில் ஏழு முறை உணவியல் நிபுணரின் ஆலோசனை. காய்கறி, பழம், பருப்பு, மீன், முழுத்தானியம் அதிகம், இனிப்பும் பொரித்ததும் குறைவு. இன்னொரு குழுவுக்கு அதே அளவு நேரம் சும்மா துணையாக உட்கார்ந்து பேச ஓர் ஆள். உணவுக் குழுவில் 32.3 சதவீதம் பேரிடம் நோய் தணிந்தது, மற்றதில் 8 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனாலும் 67 பேர் என்பது சின்ன எண். மேலும் மாத்திரை மாதிரி உணவைக் கண்ணை மறைத்துக் கொடுக்க முடியாது. எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியும். "நமக்கு ஏதோ செய்கிறார்கள்" என்ற நம்பிக்கையே மனச்சோர்வில் வேலை செய்யக்கூடியது. எனவே இதை நல்ல தொடக்கம் என்று எழுதி வைக்கிறேன், தீர்ப்பு என்று எழுதவில்லை.

லித்தியம்: எதிர்த்தரப்புச் சாட்சி

இந்த விவாதத்தில் சத்து வாதிகளின் துருப்புச்சீட்டு லித்தியம். "பைபோலார் நோய்க்கு இன்றுவரை சிறந்த மருந்தே ஒரு தாதுதான். பூமியில் கிடைக்கும் சாதாரண உப்பு. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?" கேட்பதற்கு மறுக்க முடியாத மாதிரி இருக்கிறது. ஆனால் லித்தியத்தின் கதையை முழுதாகப் படித்தால் அது அவர்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர், இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரின் போர்க்கைதியாக மூன்றரை ஆண்டு இருந்தவர். ஊர் திரும்பியதும், அதீத எழுச்சி நிலையில் இருக்கும் நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நச்சு இருக்கிறது என்று சந்தேகித்து அதைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். யூரிக் அமிலத்தைக் கரைக்க வசதியாக லித்தியம் உப்பைப் பயன்படுத்தினார். கினிப்பன்றிகள் சாதுவாகிவிட்டன. தானே சாப்பிட்டுப் பார்த்தார், பிறகு 10 நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1949 செப்டம்பரில் கட்டுரை வந்தது. நச்சு என்ற கொள்கை தப்பு, கண்டுபிடிப்பு சரி. மருத்துவத்தில் இப்படியும் நடக்கும்.

ஒரு சுவாரஸ்யம்: நோய்க்குக் காரணமே உடம்பில் லித்தியம் குறைவதாக இருக்குமோ என்று கேட் அந்த முதல் கட்டுரையிலேயே யோசித்திருக்கிறார். அதாவது குறைவுக் கதை லித்தியத்தோடு கூடவே பிறந்தது. முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் அது நிரூபணமாகவில்லை. மனிதனுக்கு இன்றியமையாத தனிமங்களின் பட்டியலில் லித்தியம் சேரவில்லை. லித்தியம் மருந்தாக வேலை செய்கிறது. தலைவலிக்குப் பாரசிட்டமால் கேட்கிறது என்பதற்காகத் தலைவலி பாரசிட்டமால் குறைபாடு ஆகிவிடுமா?

அளவைப் பாருங்கள். பைபோலார் நோய்க்கு ஒரு நாளைக்கு 900 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் கொடுத்தால் அதில் தனி லித்தியம் சுமார் 169 மில்லிகிராம். குடிநீரில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் இருந்தால், அதுவே கொஞ்சம் அதிகம்தான், இரண்டு லிட்டர் குடிப்பவருக்குக் கிடைப்பது 0.1 மில்லிகிராம். ஏறக்குறைய 1700 மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே பெயரால் "லித்தியம்" என்று அழைக்கிறோம் என்பதைத் தவிர, இவை ஒரே காரியத்தைச் செய்யும் என்று நம்ப வேறு ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரமாகக் குடிநீர் ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். 1990இல் டெக்சாஸின் 27 மாவட்டங்களையும், 2009இல் ஜப்பானின் ஓய்ட்டா மாகாணத்தில் 18 ஊர்களையும் ஒப்பிட்டதில், நீரில் லித்தியம் கூடின இடத்தில் தற்கொலை விகிதம் குறைவாக இருந்தது. இவை ஊர்களை ஒப்பிடும் ஆய்வுகள், ஆட்களை ஒப்பிடுபவை இல்லை. ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் வருமானம், வேலை, மருத்துவமனை, மதம், தனிமை எல்லாமே வேறுபடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். 2017இல் டென்மார்க்கில் சுமார் 37 லட்சம் பேரைத் தனித்தனி ஆட்களாக 22 ஆண்டுப் பதிவுகளில் பின்தொடர்ந்தார்கள். அங்கே அந்தத் தொடர்பு தெரியவில்லை. டென்மார்க் நீரில் லித்தியம் அளவு கம்மி என்று ஒரு பதில் உண்டு. ஆனால் ஓய்ட்டா ஊர்களிலும் பல இடங்களில் அளவு கம்மிதான். விவாதம் தொடர்கிறது. தொடரும் ஒரு விவாதத்தை முடிந்த உண்மையாக டப்பாவில் ஒட்டி விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது. பல வருடமாக லித்தியத்தில் நிதானமாக இருந்தவர் அதை நிறுத்திவிட்டு, "இயற்கை லித்தியம்" என்று இணையத்தில் விற்கும் 5 மில்லிகிராம் ஆரோட்டேட் மாத்திரைக்கு மாறினார். இரண்டு மாதத்தில் தூக்கம் போனது, பேச்சு நிற்கவில்லை, கையிலிருந்த சேமிப்பு கரைந்தது. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் அதிகம் என்பது மருத்துவ இலக்கியத்தில் நன்றாகவே பதிவான விஷயம். விற்றவரின் விளம்பரத்தில் அது இல்லை.

இங்கே இன்னொரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். உணவுக்கும் மனநோய் சிகிச்சைக்கும் உள்ள மிக உறுதியான தொடர்புகளில் ஒன்று லித்தியத்தில்தான் இருக்கிறது. அது உப்பு. உடம்பில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் உப்பு குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகளுக்கு, உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை விற்றார்கள். சிலர் இறந்தார்கள், 1949இல் அது தடைசெய்யப்பட்டது. கேட்டின் கட்டுரை வந்த அதே வருடம். அவருடைய முதல் நோயாளியே முதலில் அற்புதமாகக் குணமாகி வீடு திரும்பி, மருந்தை நிறுத்தி, நோய் திரும்பி, மறுபடி தொடங்கி, 1950இல் லித்தியம் நச்சால் இறந்தார். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல் வரை மருந்து. 1.5 தாண்டினால் ஆபத்து.

எனவே லித்தியம் சாப்பிடுபவர் உப்பில்லாப் பத்தியம் இருப்பதும், தண்ணீர் குடிக்காமல் விரதம் இருப்பதும், வயிற்றுப்போக்கை அலட்சியம் செய்வதும், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதும் ஆபத்து. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் லித்தியம் அளவை ஏற்றும். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். "சத்தும் மனமும்" என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதை ஒரு நிமிடமாவது சொல்லலாம். உயிர் சம்பந்தப்பட்டது இதுதான்.

ஆக, லித்தியம் நமக்குச் சொல்லித்தருவது என்ன? ஒரு தாது மனத்தை மாற்றும் அளவுக்கு வலுவானது என்றால், அது கெடுக்கவும் வலுவானது. அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், தைராய்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும், போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு வேண்டும். லித்தியத்துக்கே இந்த விசாரணை நடந்தது. 1968இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் "இது இன்னொரு சிகிச்சைக் கட்டுக்கதையா?" என்ற பொருளில் தலைப்பிட்டுத் தாக்கினார்கள். டென்மார்க்கின் பாஸ்ட்ரப்பும் ஷூவும் கோபித்துக்கொண்டு போகவில்லை. இரட்டை மறைப்பு ஆய்வு நடத்தி 1970இல் பதில் சொன்னார்கள். அப்படிச் சம்பாதித்த மரியாதையைத்தான் மற்ற மாத்திரைகள் ஓசியில் கடன் வாங்குகின்றன.

இயற்கை என்றால் பாதகமில்லையா?

"சத்துதானே, சாப்பிட்டால் என்ன கெட்டுவிடப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் போதும். ஜிங்கை அதிகமாக, நீண்ட நாள் சாப்பிட்டால் குடல் செம்பை உறிஞ்சுவது குறையும். அதனால் ரத்தசோகையும், கால் மரத்து நடை தடுமாறும் நரம்புப் பாதிப்பும் வரும். செலினியம் பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 55 மைக்ரோகிராம். 400 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவ சத்து மருந்தைத் தயாரித்தபோது நேர்ந்த பிழையால் அதில் அட்டையில் எழுதியிருந்ததைப்போல 200 மடங்கு செலினியம் இருந்தது. 201 பேருக்கு முடி கொட்டியது, நகம் கெட்டது, மூட்டு வலித்தது. மருந்துக்கு இருக்கிற கண்காணிப்பு சத்து மாத்திரைக்கு இல்லை என்பதன் விலை அது.

அப்போ என்னதான் செய்வது?

முதலில், சத்து வாதிகள் சரியாகச் சொல்லும் இடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, 2019–21இல், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். ஒன்பது கேள்விகளில் களைப்பு, பசி, கவனம் சிதறுவது, மந்தம் எல்லாம் வருகின்றன. இரும்புச்சத்து குறைந்து, ஹீமோகுளோபின் 8இல் இருக்கும் ஒரு பெண் அதில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். அவருக்கு மனச்சோர்வும் இருக்கலாம், ரத்தசோகை மட்டும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். வினாத்தாளால் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனையால் முடியும்.

பி12 அடுத்தது. தாவர உணவில் அது கிடைப்பதில்லை. பால் தயிரும் குறைவாகச் சாப்பிடும் சைவர்கள், வயதானவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்குக் குறைய வாய்ப்பு அதிகம். பி12 கடுமையாகக் குறைந்தால் மறதி, எரிச்சல், சோர்வு, சில சமயம் மனப்பிறழ்வுகூட வரும். தைராய்டு சுரப்புக் குறைவும் மனச்சோர்வு வேடம் போடும். இவை பெலக்ரா வகையைச் சேர்ந்தவை: அளக்கலாம், நிரப்பலாம், பலனைப் பார்க்கலாம். முதல்முறை மனச்சோர்வு என்று மருத்துவரிடம் போகும்போது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, டி.எஸ்.எச். பார்க்கலாமா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்விதான்.

இதைத் தாண்டி யாராவது ஒரு தாதுவைக் காட்டி மனநோய் தீரும் என்றால், நான் கேட்பது நான்கு கேள்விகள். என் உடம்பில் குறைவு என்று எப்படி அளந்தீர்கள், அந்த அளவை நம்பகமானதா? குறைவு நோய்க்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு எத்தனை பேரிடம் நடந்தது, அது மருந்துடன் சேர்த்தா, மருந்துக்குப் பதிலாகவா? அதிகமானால் என்ன ஆகும்? நான்காவது கேள்விக்கு "ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்துவிடலாம். எதுவும் செய்யாத பொருள்தான் எந்த அளவிலும் எதுவும் செய்யாமல் இருக்கும்.

காய்கறி, பருப்பு, கீரை, முட்டை, மீன் என்று நன்றாகச் சாப்பிடுவதற்கு இந்த ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. மனச்சோர்வில் இருப்பவருக்கு யாராவது நேரத்துக்குச் சமைத்துப் போட்டு, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் அது எந்தக் கணக்கிலும் நஷ்டமில்லை. செய்யுங்கள். ஆனால் அவர் தட்டுக்குப் பக்கத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் இருக்கட்டும். அதை எடுப்பதாக இருந்தால் எழுதியவரிடம் பேசி, அவர் சொல்லும் வேகத்தில் எடுங்கள்.